எட்டு மணி நேரப் படுக்கை, ஐந்தரை மணி நேரத் தூக்கம்

சென்னையில் 452 பேரின் தூக்கத்தை அளந்து பார்த்தார்கள். கையில் வாட்ச் மாதிரி ஒரு பட்டை. உடம்பு எப்போது அசைகிறது, எப்போது அசையாமல் கிடக்கிறது என்று அது இரவு முழுக்கக் குறித்துக்கொண்டே இருக்கும். பட்டையைக் கட்டிக்கொண்டவர்கள் குறைந்த வருமானக்காரர்கள். பகலில் ஆய்வாளர்கள் அமைத்த அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலை. இரவில் அவரவர் வீட்டில், அவரவர் பாயில் தூக்கம். கணக்கைக் கூட்டிப் பார்த்தால், அவர்கள் படுக்கையில் கிடந்தது சராசரியாக எட்டு மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம்.

மீதி இரண்டரை மணி நேரம் எங்கே போயிற்று? மே மாதத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் ஒருநாள் படுத்துப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை. புழுக்கம், கொசு, தெருநாய், பக்கத்து வீட்டு டிவி, ஜன்னல் வழியாக முகத்தில் அடிக்கும் தெருவிளக்கு, ஒரே அறையில் ஐந்து பேர், அதில் ஒருவருக்கு இருமல்.

கௌதம் ராவ், ஃப்ராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட் உள்ளிட்ட ஐந்து பொருளியலாளர்கள் நடத்திய அந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. அவர்கள் அளந்ததோடு நிற்கவில்லை. ஒரு பகுதியினருக்குக் கண்மறைப்பு, காதடைப்பான், மெத்தை, தலையணை, டேபிள் ஃபேன் என்று தூங்குவதற்கு வேண்டிய சாமான்களை வாங்கிக் கொடுத்து, நேரத்தோடு படுக்கச் சொன்னார்கள். தூக்கம் ஓர் இரவுக்கு 27 நிமிடம் கூடியது. ஆனால் அந்த 27 நிமிடத்தால் வேலையின் வேகமோ வருமானமோ உடல்நலமோ சொல்லும்படி மாறவில்லை. கூடுதல் நேரம் படுத்துக் கிடந்ததால் கூடுதலாகக் கொஞ்சம் தூங்கினார்கள், அவ்வளவுதான். துண்டு துண்டாக இருந்த தூக்கத்தோடு இன்னொரு துண்டு சேர்ந்தது. வேறொரு பகுதியினரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகத்திலேயே அரை மணி நேரம் தூங்கவிட்டார்கள். அவர்களுக்கு வேலையும் ஓடியது, மனசும் லேசானது.

இந்த முடிவு எனக்கு ஒரு விதத்தில் ஏமாற்றம்தான். 'நல்ல தூக்கத்துக்கு எளிய வழிகள்' என்று எழுத உட்கார்ந்தவனிடம், வழி அவ்வளவு எளிதல்ல என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டது. ஆனால் இன்னொன்றையும் சொல்லியது. எட்டு மணி நேரம் படுக்க வேண்டும் என்று நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பாடம் பாதிப் பாடம்தான். எத்தனை மணி நேரம் படுத்தோம் என்பதைவிட, எது நம்மை எழுப்புகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் சாமான்கள், கை மருந்துகள், பழக்கங்கள் எல்லாவற்றையும் அந்த ஓர் அளவுகோலை வைத்தே பார்க்கப் போகிறேன்.

சூடு இறங்கினால் தூக்கம் ஏறும்

நம் ஊரில் தூக்கத்தின் முதல் எதிரி சூடு. தூங்குவதற்கு முன்னால் உடம்பின் உள்சூடு தானாகவே கொஞ்சம் இறங்க வேண்டும். உள்ளே இருக்கும் வெப்பம் கை, கால் வழியாக வெளியேறுகிறது. அதனால்தான் தூக்கம் வரும் குழந்தையின் உள்ளங்கை கதகதவென்று இருக்கிறது. சுற்றிலும் அனலாக இருந்தால் அந்த வெப்பம் எங்கே போகும்? உடம்பு புரண்டு புரண்டு இடம் தேடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்சூட்டை இறக்குவதற்கு வெந்நீர் உதவும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: பாதம் கதகதப்பாக இருப்பவர்கள் சீக்கிரம் தூங்குகிறார்கள். பாதத்தின் ரத்தக் குழாய்கள் விரிந்தால் உள்ளே இருக்கும் வெப்பம் அந்த வழியே வெளியேறிவிடுகிறது. 2019-ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தினர் பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்ததில், 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில், படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் குளித்தவர்களுக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகவே தூக்கம் வந்திருக்கிறது. ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் என்பதுதான் இதில் முக்கியம். குளித்த கையோடு படுத்தால் வேர்த்துக் கொட்டும்.

வீட்டுக் கணக்கில் சொன்னால், இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு ஒரு பக்கெட்டில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் வைத்து, பத்து நிமிடம் பாதத்தை ஊறவைக்கலாம். செலவு இல்லை. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் இதைச் செய்யக் கூடாது. சூடு தெரியாமல் வெந்துபோகும்.

அறையின் சூடு வேறு கதை. காங்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, இரவில் அதை நம் தலைமேல் திருப்பித் தருகிறது. சீலிங் ஃபேன் அந்த அனலைத்தான் கீழே தள்ளுகிறது. கடைசி மாடிவாசியான நான் பல வருடம் ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு, ஏன் வேர்க்கிறது என்று யோசித்தவன். ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலருகே வைத்து வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிட்டதும், சாயங்காலமே மாடியில் இரண்டு பக்கெட் தண்ணீர் தெளித்ததும் நிலைமையை மாற்றின. மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் இன்னும் நல்லது. ஏ.சி. இருப்பவர்கள் 18-ல் வைத்துப் போர்வைக்குள் சுருண்டுகொள்ள வேண்டியதில்லை. 24, 25-ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் போதும்.

பாயைப் பற்றியும் தலையணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. கோரைப் பாயின் குளிர்ச்சி கையை வைத்தாலே தெரியும். வெயில் காலத்தில் ஃபோம் மெத்தைமேல் ஒரு கோரைப் பாயை விரித்துப் பாருங்கள். ஃபோம் உடம்பின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாய் வைத்துக்கொள்ளாது. முதுகு வலிக்காரர்களுக்கு வெறும் தரையில் பாய் ஒத்துக்கொள்ளாது என்பதால் மெத்தைமேல் என்று சொல்கிறேன். தலையணைக்கு இன்றும் போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம் பஞ்சுக்கு ஈடில்லை. இலவம் பஞ்சின் இழை உள்ளே கூடாக இருப்பதால் காற்று நிற்கும். ஔவையார் ஆத்திசூடியில் அதற்கென்றே ஓர் அடி ஒதுக்கியிருக்கிறார் என்றால் சும்மாவா? வருடம் ஒருமுறை வெயிலில் காயவைத்து, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பஞ்சை மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கொசுவுக்குச் சுருள் ஏற்றுகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதால் வரும் அளவுக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. மூடிய அறையில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருமாமல் தூங்குவது எப்படி? கொசுவலை பழைய காலத்துச் சாமான் என்று நாம் ஒதுக்கிவிட்டோம். இந்தப் பட்டியலில் ஒரே ஒரு பொருள்தான் வாங்கலாம் என்றால் நான் கொசுவலையைத்தான் சொல்வேன்.

சத்தத்துக்கு வருவோம். குடியிருப்புப் பகுதியில் இரவுக்கான அளவு 45 டெசிபல் என்றும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்றும் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. டெல்லி ராம்லீலா மைதானத்தில் நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் போலீஸ் விரட்டிய வழக்கில், தூக்கமும் வாழ்வுரிமையின் பகுதிதான் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொன்னது. ஆடி மாதத்தில் கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழே வீடு இருப்பவரிடம் இந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்டினால் அவர் சிரிப்பார். அவருக்கு நடைமுறை உதவி, மருந்துக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற ஃபோம் காதடைப்பான். விரலால் உருட்டிக் காதில் வைத்தால் உள்ளே விரிந்துகொள்ளும். வெறும் பஞ்சைத் திணிப்பதால் பெரிய பயனில்லை.

காலையில் தொடங்கும் இரவு

மூளைக்குள் ஹைபோதலாமஸில் அரிசியளவு இடத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. செல்லுக்குள் அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். காலை வெளிச்சம் கண்ணில் பட்ட நேரத்திலிருந்து அது எண்ணத் தொடங்கி, சுமார் பதினான்கு, பதினாறு மணி நேரம் கழித்து 'இருட்டிவிட்டது, மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனை விடு' என்று உத்தரவு போடுகிறது.

வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெளியே மேகமூட்டமான காலையில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போட்ட நம் பாட்டிகள் தூக்க விஞ்ஞானம் படித்தவர்கள் அல்ல; ஆனால் தினமும் அதே நேரத்தில் வெளிச்சத்தில் போய் நின்றார்கள். கோலம் வேண்டாம், பால் பாக்கெட் வாங்கவாவது நடந்து போகலாம். அதிலும் தினமும் எழுகிற நேரம் ஒன்றாக இருப்பது, படுக்கிற நேரம் ஒன்றாக இருப்பதைவிட முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கிவிட்டு, அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்று புலம்புவதில் நியாயமில்லை.

இரவில் இதற்கு நேர்மாறு. செல்போனைப் பற்றி எல்லோரும் சொல்லியாகிவிட்டது, நானும் சொல்லிச் சலிப்பூட்ட விரும்பவில்லை. திரையின் வெளிச்சத்தைவிட அதில் வரும் குடும்ப வாட்ஸ்அப் சண்டைதான் அதிகம் விழிக்க வைக்கிறது என்பது என் அனுபவம். ஒரு பழைய அலாரம் கடிகாரம் வாங்கிக்கொண்டு போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிடுங்கள். அந்த அலாரத்தையும் முகம் தெரியாமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

காபி விஷயத்தில் நம் ஆட்கள் யாரும் பேச்சைக் கேட்பதில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அதுதான் கண்ணைச் சொக்க வைக்கிறது. காஃபீன் அந்த அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் துண்டு போட்டு வைக்கிறது. குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆறு மணிக்குக் குடித்த டிகிரி காபியின் பாதி, பதினோரு மணிக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும். 'எனக்குக் காபி குடித்தால்தான் தூக்கமே வரும்' என்கிறவர்கள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. அவர்களுக்குத் தூக்கம் வரத்தான் செய்யும், ஆழம்தான் குறையும். கடைசிக் காபியோ டீயோ மதியம் மூன்று மணிக்குள் முடியட்டும். மதுவும் இதே வகைதான். சீக்கிரம் சாய்த்துவிட்டு, பின்னிரவில் எழுப்பிவிடும்.

ஜாதிக்காயும் கசகசாவும்

தூக்கம் வரவில்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர்கூட ஒரு கை மருந்து சொல்வார். பாலில் ஜாதிக்காய், பாலில் கசகசா, பாலில் அமுக்கரா. எல்லாவற்றிலும் பால் பொது. பாலில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, அதனால் தூக்கம் வருகிறது என்பார்கள். ஒரு டம்ளர் பாலில் இருக்கும் டிரிப்டோஃபான் அதற்குக் காணாது. ஆனாலும் தினமும் ஒரே நேரத்தில், விளக்கைக் குறைத்துவிட்டு, உட்கார்ந்து ஒரு டம்ளர் பால் குடிப்பது 'நாள் முடிந்தது' என்று உடம்புக்குச் சொல்லும் ஒரு சைகை. அந்தச் சைகைக்குப் பலன் உண்டு. பாலுக்குப் பதிலாக வெறும் சீரகத் தண்ணீராக இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஜாதிக்காய் ஒரு சிட்டிகை என்றால் சிட்டிகைதான். ஒரு முழுக்காயை உரசிக் குடித்தால் மயக்கம், படபடப்பு, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது என்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும். கர்ப்பிணிகளுக்கு அது வேண்டாம். கசகசா சமையலில் சேர்க்கிற அளவில் தூக்க மருந்தெல்லாம் இல்லை. ஆனால் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிற பிள்ளைகளின் பெட்டியில் அம்மாக்கள் அதைப் பொட்டலம் கட்டி வைத்துவிடக் கூடாது. இரண்டு இடத்திலும் கசகசாவுக்குத் தடை உண்டு. சமையல் சாமான் கொண்டுபோனவர்கள் சிறைக்குள் தூக்கம் இல்லாமல் கிடந்த கதைகள் நாம் கேட்டதுதான்.

அமுக்கராவின் தாவரவியல் பெயரிலேயே தூக்கம் இருக்கிறது; சோம்னிஃபெரா என்றால் லத்தீனில் தூக்கம் தருவது. சிறிய ஆய்வுகளில் கொஞ்சம் பலன் தெரிந்திருக்கிறது. அதே சமயம் சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்த பதிவுகளும் உண்டு. டென்மார்க் 2023-ல் அதைத் தடையே செய்துவிட்டது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாட்டு மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிச் சாப்பிட வேண்டாம். சித்த மருத்துவரிடம் போனால் தைராய்டைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மருதாணிப் பூவைத் தலையணைக்கு அடியில் வைப்பது இன்னொன்று. என் அம்மா இன்றும் வைக்கிறார். ஆய்வு எதுவும் எனக்கு நினைவில்லை, கெடுதலும் இல்லை, வாசனை நன்றாக இருக்கிறது. போதும்.

எண்ணெய்க் குளியலுக்கு மட்டும் நான் முழு மார்க் போடுவேன். தலையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய் தேய்க்கிற கை, பிறகு வெந்நீர், பிறகு மிளகு ரசம். பெரியவர்கள் அன்றைக்குப் பகலில் தூங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். அவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், தூக்கம் அப்படிச் சொக்கியிருக்கிறது என்று அர்த்தம். பகலில் தாக்குப்பிடித்தவனுக்கு அன்று இரவு இரட்டிப்பு வட்டி.

தூளியைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஜெனீவாவில் 2019-ல் 18 பெரியவர்களை, மெதுவாக ஆடும் கட்டிலில் இரவு முழுக்கப் படுக்கவைத்தார்கள். நான்கு விநாடிக்கு ஓர் ஆட்டம். ஆடாத கட்டிலில் படுத்த இரவைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள், ஆழ்ந்த தூக்கமும் கூடியது. விட்டத்தில் சேலையைக் கட்டித் தூளி ஆட்டிய தாய்மார்கள் விநாடி எண்ணவில்லை. தாலாட்டுப் பாட்டின் நடையே எண்ணிக்கொடுத்தது. ஊஞ்சல் உள்ள பழைய வீட்டுக்காரர்கள் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் அதில் உட்காருவது வீண்போகாது.

இந்த நாட்டு மருந்துகளுக்குப் பதிலாக இப்போது மிட்டாய் மாதிரி மெலடோனின் விற்கிறார்கள். விமானப் பயணத்தால் நேரம் மாறியவர்களுக்கும், மற்ற சிலருக்கும் மெலடோனின் உதவும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு அதன் பலம் குறைவு. அதைவிட, அந்த மிட்டாயில் என்ன இருக்கிறது என்பதே சந்தேகம். அமெரிக்காவில் 25 வகை மிட்டாய்களைச் சோதித்து 2023-ல் எழுதினார்கள்: 22 வகைகளில் லேபிளில் சொன்ன அளவு இல்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை.

படுக்கையைச் சுருக்குங்கள்

இனிமேல் சொல்லப்போவது காசு செலவில்லாதது, கேட்க எரிச்சலூட்டுவது, ஆனால் இருப்பதிலேயே அதிகப் பலன் தருவது.

வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தூக்கம் வராமல் தவிக்கிறவர்களுக்கு முதல் மருந்து மாத்திரை அல்ல, பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் பயிற்சிதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெரிய பெயர். உள்ளே முக்கியமாக இருப்பவை இரண்டு எளிய யோசனைகள்.

முதலாவது, ரிச்சர்டு பூட்சின் என்ற உளவியலாளர் 1972-ல் சொன்னது. படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா? எழுந்துவிடு. அடுத்த அறைக்குப் போ, மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத ஏதாவது செய், கண் சொக்கினால் மட்டும் திரும்பி வா. வராவிட்டால் மறுபடி எழுந்து போ. படுக்கையில் கிடந்து தவிக்கத் தவிக்க, படுக்கையைப் பார்த்தாலே தவிப்பு வருகிற பழக்கம் உடம்புக்கு ஏற்பட்டுவிடுகிறது. சோபாவில் டிவி முன்னால் தூங்கி வழிகிறவர், படுக்கைக்கு வந்ததும் கொட்டக் கொட்ட விழிப்பது அதனால்தான். அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இந்த அலைச்சல். இருபது நிமிடம் என்பதை மணி பார்த்து எண்ணக் கூடாது, உத்தேசமாகத்தான். அலாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொன்னது இதற்குத்தான். மணி இரண்டரை என்று தெரிந்த அடுத்த நொடி, 'இன்னும் மூன்று மணி நேரம்தான்' என்று மனம் கழித்தல் கணக்குப் போட ஆரம்பிக்கும். தூக்கத்தைக் கலைப்பதற்கு அதைவிடச் சிறந்த கணக்கு இல்லை.

இரண்டாவது யோசனை ஆர்தர் ஸ்பீல்மேன் 1987-ல் வகுத்தது. சென்னை ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம் தூங்குகிறவரிடம் இன்னும் சீக்கிரம் படு என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். ஸ்பீல்மேன் நேர்மாறாகச் சொன்னார். ஐந்தரை மணி நேரம்தானே தூங்குகிறாய்? ஐந்தரை மணி நேரம் மட்டும் படு. காலை ஐந்தரைக்கு எழ வேண்டும் என்றால் நள்ளிரவு பன்னிரண்டுக்கு முன்னால் தலையணையில் தலை வைக்காதே. முதல் வாரம் கொடுமையாக இருக்கும். பகலில் கண் எரியும், எரிந்து விழுவோம். ஆனால் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். படுத்ததும் அடித்துப் போட்டது போல் தூக்கம் வரும். படுத்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்குகிற நிலை வந்ததும், வாரம் பதினைந்து நிமிடமாகப் படுக்கிற நேரத்தை முன்னால் நகர்த்தலாம். பஸ், லாரி ஓட்டுகிறவர்களும், வலிப்பு நோய் உள்ளவர்களும், மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவர் துணையில்லாமல் இதில் இறங்கக் கூடாது. அவர்களுக்கு அந்த முதல் வாரம் ஆபத்து.

நான் இதைச் செய்து பார்த்தேன். பன்னிரண்டு வரை விழித்திருப்பதுதான் கஷ்டம். பத்தரைக்கே கண்ணைச் சுழற்றியது. 'தூக்கம் வரவில்லையே' என்று வருடக்கணக்கில் அழுதவன், 'தூக்கம் வருகிறதே' என்று பால்கனியில் நடை போட்டேன். 'இப்போதாவது வந்து படுங்களேன்' என்று மனைவி கூப்பிட்டதும், 'இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது' என்று நான் பதில் சொன்னதும் எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் புதுசு. மூன்றாவது வாரம்தான் விடியும்வரை ஒரே மூச்சாகத் தூங்கினேன்.

படுத்ததும் நாளைய வேலைகள் வரிசைகட்டி வந்து நிற்கிறவர்களுக்கு ஒரு சின்ன உபாயம். டெக்சஸில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 2018-ல் 57 பேரைப் படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். பாதிப் பேர் நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதினார்கள், மீதிப் பேர் செய்து முடித்ததை. நாளைய வேலையை எழுதியவர்கள் ஒன்பது நிமிடம் போல முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். பட்டியல் நுணுக்கமாக இருக்க இருக்க இன்னும் சீக்கிரம். கேஸ் புக் பண்ண வேண்டும், பையனின் ஃபீஸ், எல்.ஐ.சி. பிரீமியம் என்று காகிதத்தில் இறக்கி வைத்துவிட்டால், மனசு அதைக் காவல் காக்க வேண்டியதில்லை.

மதியத் தூக்கம்? சென்னை ஆய்வு நல்லது என்கிறது, தூக்கமின்மைச் சிகிச்சை கூடாது என்கிறது. இரண்டும் சரிதான். இரவில் படுத்தால் தூங்கிவிடுவேன், சூழ்நிலைதான் விடவில்லை என்கிறவர் மதியம் அரை மணி நேரம் சாய்வது லாபம். இரவில் கண்ணே மூட மாட்டேனென்கிறது என்கிறவர் மதியம் தூங்கினால், இரவுக்கான முதலைப் பகலிலேயே செலவழிக்கிறார். கையில் பட்டை கட்டித் தூக்கத்துக்கு மார்க் போடும் ஆட்களும் கொஞ்சம் அதைக் கழற்றி வைக்கலாம். தூக்க மார்க் குறைந்ததே என்ற கவலையிலேயே தூக்கம் கெடுவதற்கு ஆர்த்தோசோம்னியா என்று 2017-ல் பெயரே வைத்துவிட்டார்கள்.

மாத்திரை டப்பா

அல்பிரசோலம், டயஸெபம், ஸோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகள் மருந்து விதிகளின் ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன. மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இருந்தும் நம் தெருவில் 'அந்தப் பாதி மாத்திரை' எவ்வளவு சுலபமாகக் கைமாறுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். துக்கம் நடந்த வீட்டில் ஒரு வாரத்துக்கு என்று தொடங்கி, பத்து வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கும் அத்தைகளும் பெரியம்மாக்களும் எத்தனை பேர்! வயதானவர்கள் இரவில் பாத்ரூமுக்கு எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பு முறிவதில் இந்த மாத்திரைகளுக்குப் பங்குண்டு. அதற்காக இதைப் படித்ததும் இன்றிரவே நிறுத்திவிடக் கூடாது. நாள்பட்ட மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

வேறு மாத்திரைகளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் மாத்திரையைச் சாயங்காலம் போட்டுக்கொண்டு இரவில் நான்கு தடவை எழுகிறவர்கள் உண்டு. அதைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டால் பாதிப் பிரச்சினை தீரலாம். சர்க்கரை ஏறியிருந்தாலும் இரவில் எழுப்பும். சாயங்காலம் ஆனால் காலுக்குள் ஏதோ ஊர்கிறது, குடைகிறது, ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் தேவலை என்று சொல்லும் பெண்களுக்கு ரத்தத்தில் இரும்புச்சத்தைச் சோதிக்க வேண்டும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. மகள் உட்கார்ந்து கால் பிடித்துவிடுவதோடு இந்தக் குடைச்சல் முடிகிற விஷயமல்ல.

குறட்டை

எங்கள் பெரியப்பாவின் குறட்டை தெருமுனை வரை கேட்கும். கல்யாண வீடுகளில் அவருக்கென்று தனி அறை ஒதுக்குவார்கள். 'மனுஷன் என்னமாய்த் தூங்குகிறார் பார்' என்று நாங்கள் பொறாமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அதே மனுஷன் பகலில் பேப்பர் படிக்கும்போதே தலை சாய்வார், சிக்னலில் வண்டியை நிறுத்தினால் கண்ணை மூடுவார். காலையில் எழுந்தால் தலைவலி. ரத்த அழுத்தம் மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லை.

இவருக்கு இருந்தது தூக்க மூச்சுத் தடை. தூங்கும்போது தொண்டை தளர்ந்து காற்று வழி அடைபடுகிறது. மூச்சு நிற்கிறது. மூளை பதறி எழுப்புகிறது. பெரிய குறட்டையோடு காற்று உள்ளே போகிறது. சிலருக்கு மணிக்கு முப்பது தடவைக்கு மேல் இது நடக்கும். எழுந்த நினைவே அவர்களுக்கு இருக்காது. எட்டு மணி நேரம் தூங்கினேன் என்றுதான் சொல்வார்கள். வெந்நீரும் ஜாதிக்காயும் கொசுவலையும் இங்கே வேலைக்காகாது. தூக்க மாத்திரை போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். உடல் எடை குறைப்பது, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது ஓரளவு உதவும். முற்றியவர்களுக்குக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் மூக்கு வழியாகச் செலுத்தும் சிபேப் கருவிதான் கதி. ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-ல் உலகுக்குச் சொன்ன கருவி அது.

பெரியப்பா முதல் மாதம் அதைத் தொட மாட்டேனென்றார். யானைத் துதிக்கை மாதிரி இருக்கிறது, பேத்தி பயப்படுகிறாள் என்றார். இப்போது ஊருக்குப் போனால் வேட்டி சட்டைக்கு முன்னால் அதைத்தான் பையில் வைக்கிறார். பகலில் பேப்பரை முழுசாகப் படித்து எல்லோரிடமும் விவாதத்துக்கு வருகிறார்.

தூக்கம் கெட்டது பெரியம்மாவுக்குத்தான். நாற்பது வருடமாகக் கேட்ட சத்தம் திடீரென்று நின்றுபோனதில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்து, அந்த முகமூடியின் ஓரத்தில் புறங்கையை வைத்து, காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாராம்.